நல்ல கால்

அந்த வீட்டுக்குத் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மகனின் இடது காலைத்தான். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் சுவரைப் பார்ப்பார்கள். கேட்கலாமா வேண்டாமா என்று அவர்கள் தயங்குவதற்குள் அம்மாவே ஆரம்பித்துவிடுவாள். மெஷினை மிதிப்பதை நிறுத்தமாட்டாள். வாயில் கவ்விய குண்டூசிகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொல்வாள்.

கதை இதுதான். மகன் பந்தாடிக்கொண்டிருந்த காலம். அவன் ஓட்டத்துக்கு மைதானத்தில் அவனை அம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய இறுதி ஆட்டத்தில், யாரும் தொடவில்லை, ஓடிவந்து திரும்பியவன் அப்படியே விழுந்தான். இடது முட்டி. பயிற்சி கொடுத்த மாஸ்டர் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். வந்தவர் மண்டியிட்டு உட்கார்ந்து வலது காலைப் பிடித்தார். சுற்றி நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர், அந்தக் கால் இல்ல, இந்தக் கால் என்று ஒருத்தன் சொன்னான். வலியில் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தவனே சிரித்தான். பிறகு மாஸ்டர் இடது காலையும் பிடித்துப் பார்த்தார். ஒண்ணுமில்ல, சும்மா சுளுக்கு, எழுந்து ஓடு என்றார். துணிக் கட்டை இறுக்கிச் சுற்றிவிட்டார். அவன் எழுந்து ஓடினான். ஒரு கோலும் போட்டான். பிறகு மறுபடி விழுந்தான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் ஓடவில்லை.

"வலது எது இடது எதுன்னு தெரியாத ஆளை நம்பிப் பிள்ளைய விட்டேன் பாருங்க" என்று அம்மா முடிப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு அளவு கொடுப்பது எளிதாக இருக்கும்.

மகனும் சேர்ந்து சிரிப்பான். அந்தக் கதைதான் அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். முட்டாளை எத்தனை நாள் பகைக்க முடியும். பகைத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. பிறகு சிரித்துக்கொள்ளப் பழகினார்கள்.

அவனுக்கு இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு சாவிக்கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு நாற்காலி, அரம், சாவி வெட்டும் சின்ன மெஷின். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. நாற்காலிக்குக் கீழே இடது காலை நீட்டி ஒரு செங்கல்லின்மேல் வைத்திருப்பான். மழை வருவதற்கு முந்தின நாளே முட்டி சொல்லிவிடும். பக்கத்துப் பழக்கடைக்காரன் அதைக் கேட்டுத்தான் தார்ப்பாயை எடுத்து வைப்பான். வீட்டுக்கு வரும்போது அவன் சட்டை மடிப்பெல்லாம் பித்தளைத் தூளாக இருக்கும். மாடிப்படி ஏறுகையில் நல்ல கால் முதலில், கெட்ட கால் அதன் பக்கத்தில் வந்து சேரும், மறுபடி நல்ல கால்.

தங்கை அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள். விளையாட்டில் அடிபடுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அதில்தான் சேருவேன் என்றாள். நர்ஸ் வேலைக்குப் படித்தால் வயதானாலும் சோறு போடும், இது என்ன ஆம்பிளைப் பசங்க காலைப் பிடிக்கிற வேலை என்று அம்மா சண்டை போட்டாள். அண்ணன்தான் சேர்த்துவிட்டான். தன்னை அன்றைக்குப் பார்த்த கையில் ஏதாவது படிப்பு இருந்திருந்தால் என்று அவன் நினைத்திருக்கலாம். வாய்விட்டுச் சொல்லவில்லை.

வகுப்பு நடந்தது ஒரு விளையாட்டரங்கத்தின் படிக்கட்டுகளுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீள அறையில். சுவரோரமாக ரெக்ஸின் போட்ட மேசைகள். தைல வாசனையும் ஈரச் சாக்ஸ் நாற்றமும் கலந்து கிடக்கும். புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அங்கே கை ஓடாது. முதல் வாரங்களில் கணுக்காலுக்கு ஒட்டுப்பட்டை சுற்றப் பழகினார்கள். பட்டையைக் கத்தரிக்காமல் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்து வெடுக்கென்று கிழிக்க வேண்டும். சுருக்கம் விழக்கூடாது. ஒரு சுருக்கம் விழுந்தால் ஓடுகிறவனுக்கு அந்த இடத்தில் கொப்புளம். சுற்றி முடித்ததும் கால் விரல் நகத்தை அழுத்திவிட்டு விட வேண்டும், வெளுத்த நகம் உடனே சிவக்கவில்லை என்றால் கட்டு இறுக்கம். அவிழ்த்து, மறுபடி சுற்று.

ஒருத்தர் காலில் ஒருத்தர் பழகினார்கள். அவளுக்கு ஜோடியாக வந்தவன் குண்டான ஒரு பையன். தண்ணீர் கேனை எப்போதும் அவனே தூக்கி வருவதால் கேன் என்று பெயர். பட்டையைப் பிய்க்கும்போது கால் முடியோடு வரும். "இந்தப் படிப்பு முடியறதுக்குள்ள என் கால் கல்யாணப் பொண்ணு கால் மாதிரி ஆயிடும்" என்பான்.

அவளுக்கு இரண்டு குறை. கை சின்னது, அதோடு எப்போதும் சில்லென்று இருக்கும். ஆட்டக்காரர்களின் தொடையை அந்தக் கை சுற்றிப் பிடிக்காது. குளிர்ந்த கை பட்டால் தசை விறைத்துக்கொள்ளும், விறைத்த தசைக்குள் இருக்கும் உண்மை எதுவும் விரலுக்குத் தெரியாது. பிடிக்கு ஒரு வழி இருந்தது. படுத்திருப்பவரின் தொடைக்கு அடியில் தன் முட்டியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டால் சின்னக் கையும் போதும். குளிருக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் அம்மா இஸ்திரி போட்டு அடுக்கும் துணிகளுக்கு நடுவில் உள்ளங்கைகளைச் செருகி வைத்துக்கொள்வாள். வாடிக்கையாளர் சட்டையை அழுக்காக்காதே என்று அம்மா திட்டுவாள்.

வீட்டில் அவள் பழகியது அண்ணன் காலில். வகுப்பில் இருந்த எல்லாருடைய முட்டியும் நல்ல முட்டி. தொடையை ஒரு கையால் பிடித்து, கெண்டைக்குப் பின்னாலிருந்து எலும்பை இன்னொரு கையால் முன்னால் இழுத்தால் கொஞ்சம் வரும், பிறகு கயிறு இழுபட்டதுபோல் டக்கென்று நிற்கும். உள்ளே தசைநார் அறுந்த முட்டியில் அந்த டக் இருக்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இல்லாத ஒன்றைக் கேன் எப்படித் தெரிந்துகொள்வான். அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் முட்டியில் எலும்பு தடையில்லாத இழுப்பறைபோல் வந்துகொண்டே இருந்தது. முதல் முறை அப்படி வந்தபோது அவள் கையை எடுத்துவிட்டாள்.

"என்னடி, கால் கையோட வந்துடுச்சா?" என்றான் அண்ணன்.

அறுந்த முட்டிக்கு நடத்தும் அந்தச் சோதனையை அவள் வகுப்பில் செய்துகாட்டும் முறை வந்தது. அடிபட்டவனாக நடித்தவன் கேன். இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று கத்தினான். அவள் நேராக இடது முட்டியைப் பிடித்தாள். பாடம் நடத்தும் அம்மாள் அவள் மணிக்கட்டில் தட்டினார். அதிகம் பேசாதவர், தட்டுவதுதான் வழக்கம்.

"நல்ல காலைத் தொடாம கெட்ட காலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவளுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் சலிப்போடு சொன்னார். ஒவ்வொருத்தர் முட்டியும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்குப் பிறவியிலேயே தளர்வு. முதலில் நல்ல காலைப் பிடித்து அந்த ஆளின் அளவு என்ன என்று கைக்குச் சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் அடிபட்ட கால். இது தெரியாதவன் அடிபட்ட இடத்துக்கே பாய்வான். கற்றவன் கை நல்ல காலுக்குத்தான் முதலில் போகும்.

கேன் கத்துவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். மயக்கம் வருதா, தண்ணி குடிக்கிறியா என்று கேட்டான்.

அவள் அன்று பேருந்தில் ஏறவில்லை. நடந்தே வந்தாள். மாஸ்டரின் கை வலது காலுக்குப் போனது. அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் திருத்திச் சொல்லவில்லை. வலது காலை இழுத்துப் பார்த்தார், பிறகு இடது காலை இழுத்துப் பார்த்தார். டக் என்று நிற்கவில்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் எழுந்து ஓடு என்றார். அந்த ஆட்டத்தில் ஜெயித்த பிறகுதான் அவருக்குப் பெரிய அணி கிடைத்தது.

வீட்டில் சொல்லலாமா என்று சில நாள் யோசித்தாள். சிரித்துச் சிரித்து ஆறவைத்திருந்த வீடு. ஒரு சாயங்காலம் அண்ணன் காலை நீட்டினான். அவள் வலது காலைப் பிடித்தாள்.

"அந்தக் கால் இல்லடி, இந்தக் கால்" என்று அண்ணன் சிரித்தான். மாஸ்டர் கதை போலவே. அம்மாவும் மெஷினிலிருந்து சிரித்தாள்.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னாள், வகுப்பில் கேட்டதை அப்படியே.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அண்ணன் பித்தளைத் தூள் ஒட்டிய தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். தெருவில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்துவது கேட்டது. பேசாமல் இருப்பதில் அந்த வீட்டுக்கு அன்றுதான் பழக்கம் தொடங்கியது.

"நானும் சிரிச்சேன்" என்றான் அண்ணன் கடைசியில். "அவன் என் காலப் பிடிச்சுட்டு இருக்கான், நான் சிரிக்கிறேன்."

"தெரியாமத்தான் பிடிச்சிருப்பாருடா" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து, துணி கொடுக்க வருகிறவர்களிடம் அம்மா அந்தக் கதையை எடுத்தால் அவன் எழுந்து உள்ளே போய்விடுவான். பிறகு அம்மாவும் நிறுத்திவிட்டாள். வந்தவர்கள் சுவரைப் பார்த்தபடியே அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். சோற்றுத் தட்டு அண்ணன் முன்னால் ஆறிப்போகும். முட்டை அவித்துக் கொடுத்தால் உரிக்காமல் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பான். கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் தப்பான சாவி வெட்டிக் கொடுத்துவிட்டான், இத்தனை வருஷத்தில் நடக்காதது.

காலை மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் நீட்டினான். முன்னெல்லாம் வலித்தால், போதும் விடு என்பான். இப்போது சொல்வதில்லை.

"நல்லா கத்துக்கோ" என்றான் ஒருநாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவனுக்குத் தெரியுமா தெரியாதா. அவன் வாயாலயோ கையாலயோ. அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

"கேட்டா சொல்லுவாரா அண்ணா?"

"கேக்காத. கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க."

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது படிப்பின் செய்முறைப் பகுதிக்கு ஆட்களைப் பிரித்து மைதானங்களுக்கு அனுப்பினார்கள். அவளையும் கேனையும் மாஸ்டரின் அணிக்கு. வேறு இடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கேன் சொன்னான், அவனிடம் மட்டும் அவள் கதையைச் சொல்லியிருந்தாள். அவள் வேண்டாம் என்றாள்.

மாஸ்டருக்குத் தொப்பை விழுந்திருந்தது. தலைமுடி போயிருந்தது. கால் மட்டும் ஆட்டக்காரன் கால்தான். முதல் நாளே அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகஜாடை.

"அம்போட தங்கச்சிதானே நீ? எப்படி இருக்கான்? நல்ல பையன்மா. அதிர்ஷ்டம் இல்லாதவன்."

அவள் தலையாட்டினாள். ஐஸ் பையில் இருந்த காற்றை வாயால் உறிஞ்சி எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது. அதிர்ஷ்டம் இல்லாதவன் என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அது அவளிடமே இருந்து புளித்தது.

வேலையை அவள் குறை சொல்ல முடியாதபடி செய்தாள். ஆட்டத்துக்கு முன் வரிசையாக நிற்கும் கணுக்கால்கள், ஆட்டத்துக்குப் பின் ஐஸ், சிராய்ப்பில் அப்பிய மண்ணைக் கழுவுவது, தொடை பிடித்துக்கொண்டவனின் காலை மெல்ல நீட்டிவிடுவது. கையைச் சூடேற்ற அங்கே இஸ்திரித் துணி இல்லை. கேன் டீ வாங்கி வந்து கொடுப்பான், குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பையன்கள் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மாஸ்டர் இரண்டொரு முறை பாராட்டினார்.

அந்த நாள் காலையிலிருந்து தூறல். மைதானத்தில் கோலுக்கு முன்னால் இருந்த புல் முழுக்க மிதிபட்டுச் சேறாகக் கிடந்தது. புதிதாக வந்த பையன் ஒருவனுக்குத் திரும்பத் தெரியவில்லை என்று மாஸ்டருக்குக் கோபம். அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு, இப்படித் திரும்பணும்டா மாட்டுப்பயலே என்று தானே ஓடினார். ஓடித் திரும்பினார். பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது, ஆள் நிற்கவில்லை. விழுந்தவர் இடது முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. கேன் பின்னால் வந்தான். டீ டம்ளரிலிருந்து அப்போதுதான் எடுத்த கை, சூடாக இருந்தது.

பையன்கள் வட்டமாக நின்றார்கள். அவள் மண்டியிட்டாள். அவர் கையை விலக்கினாள். தன் முட்டியைத் தொடைக்கு அடியில் கொடுத்தாள். வலது தொடைக்கு. வலது காலைப் பிடித்தாள்.

ஒருத்தன் சிரித்தான். "அக்கா, அந்தக் கால் இல்ல. இந்தக் கால்." இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தபடியே சொன்னார்.

"சும்மா இருங்கடா. அவ சரியாத்தான் பண்றா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னது என்ன என்பது அவர் முகத்தில் மெல்ல ஏறியது. தூறல் அவர் கண்ணில் விழுந்தது, அவர் கண்ணை மூடவில்லை.

அவள் வலது காலை இழுத்தாள். டக். அளவு கைக்குத் தெரிந்தது. பிறகு இடது கால். தசை விறைத்திருந்தது. பொறுத்தாள். பழகிய கை, தளரும்வரை காத்திருந்தது. தளர்ந்ததும் இழுத்தாள்.

டக்.

மறுபடி இழுத்தாள். கயிறு இழுபட்டு நின்றதுபோல், அதே இடத்தில், டக். பக்கவாட்டிலும் பார்த்தாள். எல்லாம் உறுதி. தசை லேசாகப் பிசகியிருந்தது, அவ்வளவுதான். ஐஸ் வைத்தால் போதும், ஓடலாம்.

உண்மையைத்தான் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர். சும்மா சுளுக்கு. எழுந்து ஓடுங்க."

மழை கொஞ்சம் வலுத்தது. பையன்களுக்கு நிம்மதி, ஒருத்தன் கை கொடுத்துத் தூக்க வந்தான். மாஸ்டர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"சரியா பாரும்மா."

"பார்த்துட்டேன் மாஸ்டர்."

"முட்டி ஆடலையே?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சத்தியமா உங்க முட்டி கெட்டியா இருக்கு என்று. கேன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் சொல்லவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து தன் முட்டியைத் தானே பிடித்து இழுத்துப் பார்த்தார். தன் முட்டியைத் தானே சோதிக்க முடியாது, உட்கார்ந்தவன் தொடை ஒருபோதும் தளராது. அது அவருக்கும் தெரியும். இன்னொருவர் கையைத்தான் நம்ப வேண்டும், அந்த இன்னொருவர் அவளாக இருந்தாள்.

"நீ அவனுக்காக..." என்று ஆரம்பித்தார். சுற்றிப் பையன்கள் நின்றார்கள். முடிக்கவில்லை.

"எழுந்துடுங்க மாஸ்டர், சேறு" என்றான் புதுப்பையன்.

அவர் எழவில்லை. வெகுநேரம் கழித்து, ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்கடா என்றார். அவள் முறைப்படி எல்லாம் செய்தாள். கால் அசையாமல் மட்டை வைத்துக் கட்டினாள், நகத்தை அழுத்தி நிறம் பார்த்தாள், ஒரே மூச்சில் தூக்கக் கேனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்த வகுப்பிலும் அதில் குறை கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேயும் அதையே சொன்னார்கள். அவர் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, கம்பு ஊன்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டி வைத்துக்கொள்வார். அவள் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிய அன்றே அவள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இந்தக் கம்பு விஷயம் தெரியவந்த சாயங்காலம் அண்ணன் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னான். பையன்கள் சிரித்த இடத்தையும் அவர் அதட்டிய இடத்தையும் இரண்டு முறை கேட்டான். பிறகு கேட்டான்.

"நிஜமா அவன் முட்டி எப்படி?"

"இரும்பு மாதிரி இருக்கு. இப்பவே ஓடலாம்."

"அதைச் சொன்னியா?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேனே."

அண்ணன் தலையை ஆட்டினான். தட்டில் இருந்த முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டி, பொறுமையாக உரிக்கத் தொடங்கினான்.

"அன்னிக்குத் தெரியாம சொன்னவனா இருந்தா, இன்னிக்கு அந்த வார்த்தைய நம்பியிருப்பான்" என்றான்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். "வயசான மனுஷன்டி" என்றாள். "நாளைக்குப் போய், நிஜமாவே ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டு வா."

"அவதான் சொல்லிட்டாளேம்மா" என்றான் அண்ணன்.

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் இஸ்திரி போட்ட துணிகளுக்கு நடுவில் கையைச் செருகி நின்றுகொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்மா திட்டுவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் மெஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

அண்ணன் முட்டையைத் தின்று முடித்தான். கையைத் துடைத்துக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்தான். வலது காலை முதலில் நீட்டினான்.